யூடோரா வெல்டி: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மிசிசிப்பி எழுத்தாளர் யூடோரா வெல்டியின் பெயரை எடுத்தாலே அதே கேள்விகள்தான் என்னிடம் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன். எனக்குப் பிடித்த கேள்விக்கு நீளமாகவும் பிடிக்காத கேள்விக்கு இரண்டே வரியிலும் பதில் இருக்கும். பொறுத்துக்கொள்ளவும்.

யார் இவர்?

சிறுகதையாளர், நாவலாசிரியர், புகைப்படக்காரர். 1909 ஏப்ரல் 13 அன்று மிசிசிப்பி மாநிலத்தின் தலைநகரான ஜாக்சனில் பிறந்தார். 2001 ஜூலை 23 அன்று அதே ஊரில், 92 வயதில் இறந்தார். படிக்கவும் ஊர் சுற்றவும் வெளியே போன நாட்களைக் கழித்துவிட்டால் வாழ்நாள் முழுவதும் ஜாக்சன்தான். அதிலும் 1925இல் அப்பா கட்டிய பைன்ஹர்ஸ்ட் தெரு வீட்டை விட்டு அவர் நிரந்தரமாக வெளியேறவே இல்லை. 1973இல் புலிட்சர் பரிசு பெற்றார். 1980இல் அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம் வந்தது. பட்டியல் இன்னும் நீளும். பரிசுப் பட்டியலைப் படித்து யாரும் சிரித்ததில்லை என்பதால் இத்துடன் நிறுத்துகிறேன்.

யூடோரா என்பது பழைய மின்னஞ்சல் மென்பொருளின் பெயர்தானே?

ஆம், அந்தப் பெயர் இவரிடமிருந்துதான் போனது. 1988இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டோர்னர் என்பவர் ஒரு மின்னஞ்சல் நிரலை எழுதிக்கொண்டிருந்தார். இரவு பகலாகக் கடிதங்களோடு மல்லாடிய அவருக்கு, கல்லூரியில் படித்த ஒரு கதை நினைவுக்கு வந்தது. வெல்டியின் "நான் ஏன் தபாலாபீஸில் வசிக்கிறேன்" என்ற கதைதான் அது. தானும் தபாலாபீஸிலேயே குடியிருப்பதாக அவருக்குத் தோன்றியிருக்கிறது. நிரலுக்கு எழுத்தாளரின் பெயரையே வைத்துவிட்டார். உயிரோடு இருப்பவரின் பெயரைக் கேட்காமல் எடுத்துக்கொண்டோமே என்று பிற்பாடு வருந்தினார். வெல்டி அதை ரசித்ததாகவே செய்தி வந்தது.

தொண்ணூறுகளில் இணையத்துக்கு வந்தவர்களில் பலர் அந்தப் பெயரைத் தினமும் சொடுக்கியிருப்பார்கள். நானும் அவர்களில் ஒருவன். அது ஒரு பெண்மணியின் பெயர் என்று எனக்குத் தெரிய ஆறேழு வருடங்கள் ஆயின.

எப்படிப்பட்ட குடும்பம்?

அப்பா கிறிஸ்டியன் வெல்டி ஒஹாயோவிலிருந்து வந்தவர். அம்மா செஸ்டினா மேற்கு வர்ஜீனியாக்காரர். தெற்கின் குரல் என்று கொண்டாடப்படும் எழுத்தாளரின் பெற்றோர் இருவருமே மிசிசிப்பிக்கு வந்தேறிகள். இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. வெளியூரிலிருந்து வந்து குடியேறிய வீட்டுப் பிள்ளைக்குத்தான் ஊர்ப்பேச்சு காதில் தனியாக விழும்.

அப்பா காப்பீட்டு நிறுவனத்தில் உயர் பொறுப்பில் இருந்தவர். தொலைநோக்கி, காமெரா, காற்றழுத்தமானி என்று கருவிகள் மீது பித்து. அம்மாவுக்குப் பித்து புத்தகங்கள் மீது. அம்மா சிறுமியாக இருந்தபோது, நீளமான கூந்தலை வெட்டிக்கொண்டால் சார்லஸ் டிக்கன்ஸின் நூல்களை மொத்தமாக வாங்கித் தருவதாக அவருடைய அப்பா ஆசை காட்டினாராம். கூந்தல் போனது, டிக்கன்ஸ் வந்தார். பல வருடங்கள் கழித்து வீடு தீப்பிடித்தபோது, ஊன்றுகோலோடு இருந்த அம்மா எரியும் வீட்டுக்குள் திரும்பிப் போய் அந்த டிக்கன்ஸ் தொகுதிகளை ஜன்னல் வழியாக வெளியே எறிந்து காப்பாற்றினார்.

யூடோராவுக்கு ஒன்பது வயதானதும் அம்மா பொது நூலகத்துக்குப் போய், எந்தப் புத்தகத்தை வேண்டுமானாலும் இவள் படிக்கலாம் என்று நூலகரிடம் சொல்லிவிட்டு வந்தார். அந்த நூலகரைப் பற்றி வெல்டி எழுதியிருப்பது தனி விருந்து. அந்த அம்மாள் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். உள்ளே வரும் பெண் பிள்ளையின் பாவாடை வழியாக வெளிச்சம் தெரிந்தால் நேராக வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஒரு தடவைக்கு இரண்டே புத்தகம். எடுத்த அன்றைக்கே திருப்பித் தரவும் கூடாது. இரண்டையும் மாலைக்குள் முடித்துவிடும் குழந்தைக்கு அது எப்படிப்பட்ட சித்திரவதை என்று யோசித்துப் பாருங்கள்.

இவர் "தெற்கத்தி எழுத்தாளர்" என்றால் என்ன பொருள்?

அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்ளப் பிரிந்துபோய், 1865இல் உள்நாட்டுப் போரில் தோற்ற மாநிலங்களைத்தான் அங்கே தெற்கு என்கிறார்கள். பருத்தி, வெயில், தேவாலயம், யார் யாருக்கு எந்த வழியில் சொந்தம் என்பதை மூன்று தலைமுறைக்குப் பின்னோக்கிச் சொல்லும் கிழவிகள், கறுப்பின மக்களைத் தனியே ஒதுக்கிவைத்த சட்டங்கள். இவை எல்லாம் சேர்ந்த நிலம் அது. திண்ணையில் உட்கார்ந்து கதை பேசுவதை ஒரு கலையாகவே வளர்த்த நிலமும்கூட.

எழுதத் தொடங்கும் முன் என்ன செய்தார்?

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1929இல் பட்டம் வாங்கினார். எழுத்து சோறு போடாது என்று அப்பா கவலைப்பட்டதால் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் விளம்பரத் துறை படித்தார். படித்து முடித்து வெளியே வந்தால் பொருளாதாரப் பெருமந்தம், எங்கும் வேலை இல்லை. 1931இல் அப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய். அம்மாவின் ரத்தத்தை எடுத்து அவருக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோதே, மகளின் கண்ணெதிரே அவர் இறந்துபோனார். வெல்டி இதை எழுதும் இடத்தில் ஒரு சொல்கூட மிகை கிடையாது.

1933இல் வேலை கேட்டு "நியூயார்க்கர்" பத்திரிகைக்கு ஒரு கடிதம் போட்டார். அந்தப் பத்திரிகையின் கேலிச்சித்திரக்காரர் ஜேம்ஸ் தர்பருக்கு ஒருவேளை புத்தி பேதலித்துவிட்டால் அவரைப் போலவே வரையவும் தனக்குத் தெரியும் என்று அதில் எழுதியிருந்தார். வேலை கிடைக்கவில்லை. 1950களில் அதே பத்திரிகை அவர் கதைகளை வாங்கிப் போட்டது என்பது வேறு விஷயம்.

ஜாக்சன் வானொலி நிலையத்தில் பகுதி நேர வேலை பார்த்தார். மெம்பிஸ் நாளிதழ் ஒன்றுக்கு உள்ளூர்க் கல்யாணம், விருந்துச் செய்திகள் எழுதினார். அதன் பிறகுதான் அவரை உருவாக்கிய வேலை வந்தது. வேலையில்லாதோருக்காக அரசு தொடங்கிய பொதுப்பணித் திட்டத்தில் விளம்பரப் பிரிவின் இளநிலை ஊழியர் பணி அது. மிசிசிப்பியின் 82 மாவட்டங்களையும் சுற்றி வர வேண்டும். சாலை போடுகிறார்களா, நூலகம் திறக்கிறார்களா என்று பார்த்துச் செய்தி எழுத வேண்டும். பஸ்ஸிலும் காரிலும் போனார், கிராமத்துக் கடை வாசல்களில் நின்றார், பேச்சைக் கேட்டார். கையில் காமெராவும் இருந்தது.

முதல் கதை எது?

"பயண விற்பனையாளனின் மரணம்". 1936இல் "மேனுஸ்கிரிப்ட்" என்ற சிறு பத்திரிகையில் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் பயணத்தில் கேட்ட ஒரு வாக்கியத்தை வந்து சொன்னாராம். ஒரு வீட்டில் அடுப்பெரிக்க நெருப்பில்லாமல் "நெருப்புக் கடன் வாங்கப் போயிருக்கிறான்" என்றார்களாம். அந்த ஒரே ஒரு வாக்கியத்திலிருந்து கதை முழுவதும் கிளம்பியது. நகைச்சுவைக் கதை அல்ல அது, நெஞ்சைப் பிசையும் கதை. ஆனால் கவனியுங்கள்: தொடக்கமே காதில் விழுந்த பேச்சு.

1940இல் டயர்மிட் ரஸ்ஸல் என்ற அயர்லாந்துக்காரர், உங்களுக்கு இலக்கிய முகவராக இருக்கட்டுமா என்று கேட்டுக் கடிதம் எழுதினார். எழுத்தாளரின் வருமானத்தில் 10 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும் ஒட்டுண்ணிதான் முகவர், ஆனால் நல்ல எண்ணமுள்ள ஒட்டுண்ணி என்று தன்னையே அறிமுகம் செய்துகொண்டார். வெல்டி உடனே சம்மதித்தார். இப்படி ஒரு கடிதம் எழுதுகிறவரை நானும் நம்பியிருப்பேன். 1941இல் முதல் தொகுப்பு "பச்சைத் திரை" வெளிவந்தது.

அந்தத் தபாலாபீஸ் கதையில் அப்படி என்னதான் இருக்கிறது?

1941 ஏப்ரலில் "அட்லாண்டிக்" மாத இதழில் வந்த கதை. அதற்கு முன் பல பத்திரிகைகளின் ஆசிரியர்கள் அதைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

சைனா குரோவ் என்ற சிற்றூர். கதை சொல்பவளை எல்லோரும் சிஸ்டர் என்றே கூப்பிடுகிறார்கள். மாநிலத்திலேயே கடைசிக்கு முந்தைய சின்னத் தபாலாபீஸின் பொறுப்பாளர் அவள். தாத்தாவின் செல்வாக்கில் கிடைத்த வேலை. அம்மா, தாத்தா, மாமா என்று எல்லோரோடும் தான் நன்றாகத்தான் இருந்ததாகவும், தங்கை ஸ்டெல்லா ரோண்டோ புருஷனை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் எல்லாம் கெட்டதாகவும் சொல்லித் தொடங்குகிறாள். அந்தப் புருஷன் விட்டேக்கர் முதலில் இவளோடுதான் பழகியவன். தங்கை ஏதோ சொல்லி அவனைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள். திரும்பி வரும்போது கூடவே இரண்டு வயதுப் பெண் குழந்தை. தத்தெடுத்த குழந்தை என்கிறாள் தங்கை. சிஸ்டர் அதை நம்பவில்லை. குழந்தை அச்சு அசல் தாத்தாவைப் போல இருக்கிறது, தாடியை எடுத்துவிட்டால் அவரேதான் என்று சொல்லிவிடுகிறாள்.

இங்கேதான் வினை. சாப்பாட்டு மேசையில் தங்கை அதைத் தாத்தாவிடம் திரித்துப் போடுகிறாள்: "தாத்தா, நீங்கள் ஏன் தாடியை எடுக்காமல் இருக்கிறீர்கள் என்று சிஸ்டருக்குப் புரியவில்லையாம்." பதினைந்து வயதிலிருந்து வளர்க்கும் தாடி அது. தாத்தா இவளுக்கு எதிராகப் போனார். மாமா ரோண்டோ, ஜூலை 4 சுதந்திர தினத்துக்காக மருந்துப் புட்டி ஒன்றைக் காலி செய்துவிட்டு, தங்கையின் கல்யாணத்துக்கு வாங்கிய மெல்லிய கிமோனோ அங்கியை மாட்டிக்கொண்டு திரிகிறார். அவரிடமும் ஒரு திரிப்பு. மாமாவும் போனார். மறுநாள் காலை ஆறரை மணிக்குச் சிஸ்டரின் படுக்கையறைக்குள் ஒரு பட்டாசுச் சரம் வந்து விழுகிறது.

அவ்வளவுதான். சிஸ்டர் வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். போகும்போது தனக்குச் சொந்தமானதை எல்லாம் அள்ளிக்கொள்கிறாள். மின்விசிறி, ரேடியோ, தாத்தா சாய்ந்திருந்த முதுகுத் திண்டு, உகுலேலே என்ற சின்னக் கிட்டார், தையல் எந்திரத்தின் மோட்டார், வெப்பமானி, கடைசியில் தோட்டத்துச் செடிகள்கூட. தபாலாபீஸின் பின்கட்டில் குடியேறி, இஸ்திரி மேசையை விரித்துவைத்து, நிம்மதியாக இருப்பதாகச் சொல்கிறாள். குடும்பம் தபாலாபீஸ் பக்கமே வருவதில்லை. கடிதமே வேண்டாம் என்று இருக்கிறார்கள். ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.

பங்காளிச் சண்டையில் பேச்சுவார்த்தை நின்றுபோன வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டிய அவசியமே இல்லை. "நான் சொன்னது ஒன்று, அவள் போய்ச் சொன்னது வேறொன்று" என்பதுதான் மொத்தக் கதையும். சொல்லப்போனால், நமக்குக் கிடைப்பது சிஸ்டரின் தரப்பு மட்டும்தான். தங்கை தபாலாபீஸுக்கு வந்து உட்கார்ந்து இதே கதையைச் சொன்னால் அது எப்படி இருக்கும் என்ற சந்தேகம் மூன்றாம் பக்கத்திலேயே எனக்கு வந்துவிட்டது. தங்கை இப்போது வந்து எல்லாவற்றையும் விளக்கினால் என்ன செய்வாய்? இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு கேட்க மறுப்பேன் என்கிறாள் சிஸ்டர். கதையின் கடைசி வரி அது.

முதல் தொகுப்புக்கு முன்னுரை எழுதிய எழுத்தாளர் கேத்தரின் ஆன் போர்ட்டர் சிஸ்டரை ஒரு மனநோயாளியாகவே வாசித்தார். வெல்டிக்கு அதில் உடன்பாடில்லை. சிற்றூர்களில் சாதாரண விஷயத்தைக்கூட நாடகமாக்கிப் பேசுவது வழக்கம், அதைத்தான் காட்டினேன் என்றார். என் ஓட்டு வெல்டிக்கு. சிஸ்டர் நோயாளி என்றால் என் சொந்தக்காரர்களில் பாதிப் பேரைச் சேர்க்க மருத்துவமனையில் படுக்கை போதாது.

சிரிப்பு எங்கிருந்து வருகிறது?

வெல்டியின் மனிதர்கள் யாரும் நகைச்சுவையாகப் பேசுவதில்லை. தாங்கள் மிக நியாயமாக, மிகத் தெளிவாகப் பேசுவதாக நம்பிப் பேசுகிறார்கள். எழுத்தாளர் குறுக்கே வந்து கண்ணடிப்பதும் இல்லை. வாக்கியத்தின் ஓட்டமே அவர்களைக் காட்டிக்கொடுக்கிறது.

சின்ன வயதில் காரில் எங்காவது போகும்போது அம்மாவுக்கும் அம்மாவின் தோழிக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டு, "ம், இப்போது பேசுங்கள்" என்பாராம் யூடோரா. ஊர்வம்பைக் கேட்க அவ்வளவு ஆசை.

இந்தக் காதுக்கு ஒரு சாட்சி உண்டு. "கல்லாகிப் போன மனிதன்" என்று அழகு நிலையத்தில் நடக்கும் ஒரு கதை. தலைமுடிக்குச் சுருள் வைத்துக்கொண்டே பெண்கள் வம்பளக்கிறார்கள். ஊருக்கு வந்த வினோதக் காட்சிக் கூடாரத்தில் கல்லாகிக்கொண்டிருக்கும் மனிதன் என்று உட்கார்த்திவைக்கப்பட்டவன், உண்மையில் போலீஸ் தேடும் குற்றவாளி. அவனைக் கண்டுபிடித்ததற்கான 500 டாலர் சன்மானம் அழகு நிலையக்காரிக்குக் கிடைக்காமல் அவள் வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தவளுக்குப் போய்விட, அழகு நிலையக்காரிக்கு வயிறு எரிகிறது. அவன் செய்த குற்றம் என்ன என்பது அந்த எரிச்சலில் ஒரு பொருட்டாகவே இல்லை. வாசகர் சிரித்துவிட்டு, எதற்குச் சிரித்தோம் என்று கூசிப்போகும் கதை.

இதைச் "சதர்ன் ரிவ்யூ" இதழ் முதலில் திருப்பி அனுப்பியது. வெல்டி கையெழுத்துப் பிரதியை அடுப்பில் போட்டு எரித்துவிட்டார். பிறகு அதன் ஆசிரியர்களில் ஒருவரான ராபர்ட் பென் வாரன் மனம் மாறி, அந்தக் கதையை மறுபடி அனுப்புங்கள் என்று எழுதினார். வெல்டி உட்கார்ந்து கதை முழுவதையும் நினைவிலிருந்தே திரும்ப எழுதி அனுப்பினார். 1939இல் அச்சானது. காதால் எழுதிய கதை என்பதால் காதிலேயே இருந்தது என்பது அவர் தந்த விளக்கம்.

நாவல்களும் சிரிக்கவைப்பவையா?

எல்லாம் அல்ல. "டெல்டா கல்யாணம்" (1946) மென்மையானது, பருத்தித் தோட்டக் குடும்பத்தின் கல்யாணச் சந்தடி. "பொன் ஆப்பிள்கள்" (1949) ஒன்றோடொன்று பின்னிய கதைகள். அவருடைய ஆகச்சிறந்த நூல் என்று நான் நினைப்பது இதைத்தான். ஆனால் சிரிப்புக்காகத் தேடினால் "பாண்டர் இதயம்" (1954) என்ற குறுநாவலுக்குப் போங்கள்.

டேனியல் மாமா பெரும் பணக்காரர், குழந்தை மனசு. கையில் இருப்பதை எல்லாம் யாருக்காவது கொடுத்துவிடுவார். அவருடைய இளம் மனைவி இடிமழையின்போது இறந்துபோக, கொலை வழக்கு வருகிறது. உண்மையில் என்ன நடந்தது? இடிக்குப் பயந்து அழுதவளைச் சிரிக்கவைக்க அவர் கிச்சுக்கிச்சு மூட்டியிருக்கிறார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே டேனியல் மாமா எழுந்து, வங்கியிலிருந்து எடுத்து வந்த பணத்தை நீதிமன்றத்தில் இருப்பவர்களுக்கெல்லாம் வாரி வழங்க ஆரம்பிக்கிறார். இதையெல்லாம் சொல்பவள் ஊரில் ஹோட்டல் நடத்தும் எட்னா ஏர்ல். வண்டி கெட்டுப்போய் ஹோட்டலில் தங்க வந்த விருந்தாளியைப் பிடித்து உட்காரவைத்து மூச்சுவிடாமல் சொல்கிறாள். 1956இல் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் நாடகமாகவும் வந்தது.

"தோற்கும் போர்கள்" (1970) அளவில் பெரியது. ஏறக்குறைய முழுவதும் பேச்சு. தொண்ணூறு வயதுப் பாட்டியின் பிறந்தநாளுக்குக் கூடும் குடும்பம், ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிப் பேசிக்கொண்டே 400 பக்கங்களைத் தாண்டுகிறது. பொறுமை வேண்டும். எனக்கு இரண்டு தடவை நடுவில் நின்றுபோய், மூன்றாம் தடவைதான் கரை சேர முடிந்தது.

நாவலாசிரியர் வில்லியம் ஃபாக்னரோடு பழக்கம் உண்டா?

இருவரும் மிசிசிப்பிக்காரர்கள். 1943இல் ஹாலிவுட்டிலிருந்து ஃபாக்னர் இவருக்கு ஒரு சின்னப் பாராட்டுக் கடிதம் அனுப்பினார். நன்றாகச் செய்கிறீர்கள் என்ற தொனி. அதில் அவர் படித்ததாகக் குறிப்பிட்ட ஒரு கதை வெல்டி எழுதியதே அல்ல, சோரா நீல் ஹர்ஸ்டன் எழுதியது. மகான்கள் பாராட்டினால் இப்படித்தான்.

இனஒதுக்கலைப் பற்றி இவர் வாய் திறக்கவில்லை என்கிறார்களே?

நியாயமான கேள்வி. மிசிசிப்பி கறுப்பின மக்களுக்கு நரகமாக இருந்த காலத்தில், அங்கேயே வசதியான வீட்டில் உட்கார்ந்து எழுதிய வெள்ளைக்காரப் பெண்மணி இவர். அறுபதுகளில் முன்பின் தெரியாதவர்கள் நள்ளிரவில் தொலைபேசியில் அழைத்து, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயே, என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டதை அவரே பதிவு செய்திருக்கிறார். நாவலாசிரியர் கொடி பிடிக்க வேண்டுமா என்ற கேள்வியைத் தலைப்பாகவே வைத்து 1965இல் ஒரு கட்டுரை எழுதினார். வேண்டாம் என்பது சாரம். கொடி பிடிக்கும் எழுத்தில் மனிதர்கள் பொம்மைகளாகிவிடுவார்கள் என்பது அவர் வாதம். எனக்கு அந்த வாதம் பாதிதான் ஒப்புகிறது. அந்தக் காலத்தில் மிசிசிப்பியில் நடுநிலை என்று ஓர் இடம் இருந்ததா என்ன?

ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். 1963 ஏப்ரலில் ஜாக்சனின் மில்சாப்ஸ் கல்லூரியில், கறுப்பின மாணவர்களும் அமர்ந்திருந்த அவையில் வாசித்தார். அன்றைய ஜாக்சனில் அது சாதாரணமல்ல. வாசித்த கதை "பவர்ஹவுஸ்". ஃபாட்ஸ் வாலர் என்ற கறுப்பினப் பியானோ மேதையின் கச்சேரியைக் கேட்டுவிட்டு வந்து எழுதியது.

இரண்டு மாதத்தில், ஜூன் 12 அன்று நள்ளிரவு தாண்டி, மெட்கர் எவர்ஸ் என்ற கறுப்பின சிவில் உரிமைப் போராளியை அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். கொலை நடந்தது ஜாக்சனில், வெல்டியின் ஊரில். செய்தி தெரிந்த இரவே அவர் உட்கார்ந்து ஒரே மூச்சில் ஒரு கதை எழுதினார். தலைப்பு "அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது?" எழுதியது யார் பார்வையில் தெரியுமா? கொலைகாரனின் பார்வையில், தன்மை ஒருமையில், "நான்" என்று. கொன்றவன் யார் என்று அப்போது யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்டவன் எப்படிப் பேசுவான், மனைவியிடம் வந்து என்ன சொல்வான், எதற்குப் பெருமைப்படுவான், எதற்குப் புழுங்குவான் என்பது வெல்டியின் காதுக்குத் தெரிந்திருந்தது. அவன் தன் ஊர்க்காரன், வாழ்நாள் முழுவதும் தன்னைச் சுற்றிக் கேட்ட குரல்.

கதை "நியூயார்க்கர்" இதழில் ஜூலை 6 அன்று வந்தது. இடையில் பைரன் டி லா பெக்வித் என்பவன் கைதாகிவிட்டான். கற்பனையில் எழுதிய சில விவரங்கள் நிஜத்தோடு ஒட்டி நின்றதால், வழக்கைப் பாதிக்கக்கூடாதென்று அச்சுக்குப் போகும் முன் அவற்றை மாற்ற வேண்டியதாயிற்று. ஒன்றில் மட்டும் கணிப்பு தவறியது. வெல்டியின் கொலைகாரன் ஏழை வெள்ளைக்காரன். நிஜக் கொலைகாரனோ பழைய செல்வாக்குள்ள குடும்பத்திலிருந்து வந்தவன். 1964இல் இரண்டு முறை நடந்த விசாரணையும் முடிவுக்கு வராமல் போய், 1994இல்தான் அவனுக்குத் தண்டனை கிடைத்தது.

சிஸ்டரின் தபாலாபீஸ் கதையையும் இதையும் அடுத்தடுத்து படித்துப் பாருங்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரண்டிலும் ஒருவர் தன் தரப்பு நியாயத்தை நம்மிடம் விடாமல் பேசுகிறார். எழுதுகிறவர் இரண்டிலும் குறுக்கிடவில்லை. முதல் கதையில் சிரிக்கிறோம், இரண்டாவதில் முதுகு சில்லிடுகிறது. உத்தி ஒன்றே.

1955க்கும் 1970க்கும் இடையில் புத்தகமே இல்லையே, ஏன்?

பெரியவர்களுக்கான புதிய புனைவு நூல் வரவில்லை என்பது சரி. வீட்டில் நோய். 1959இல் தம்பி வால்ட்டர் இறந்தார். அம்மா கண் பார்வை மங்கிப் படுக்கையில் விழுந்தார். கவனித்துக்கொண்டது மகள்தான். கிடைத்த இடைவெளியில் துண்டுத் துண்டாக எழுதிச் சேர்த்ததுதான் "தோற்கும் போர்கள்". 1966 ஜனவரியில் அம்மாவும் இன்னொரு தம்பி எட்வர்டும் சில நாள் இடைவெளியில் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்தத் துக்கத்திலிருந்து வந்தது "நம்பிக்கைவாதியின் மகள்" (1972). கண் அறுவை சிகிச்சைக்குப் பின் இறந்துபோகும் நீதிபதி, சிகாகோவிலிருந்து வந்த மகள் லாரல், நீதிபதியின் இரண்டாம் மனைவி ஃபே. லாரலைவிடவும் வயதில் சின்னவள் அவள். இழவு வீட்டில் டெக்சாஸிலிருந்து ஃபேயின் உறவுக்கூட்டம் வந்து இறங்கும் காட்சிக்கு நான் வாய்விட்டுச் சிரித்தேன். இறந்தவரைப் பற்றி ஆளுக்கொரு கதையை ஏற்றி, நடக்காததை எல்லாம் நடந்ததாக்கி உறவுகள் புகழும்போது, அவர் அப்படி இல்லையே என்று லாரல் தவிக்கிறாள். சாவு வீட்டுப் பேச்சைக் கேட்ட எவருக்கும் அந்தத் தவிப்பு தெரியும். புலிட்சர் பரிசு இந்த நாவலுக்குத்தான்.

கல்யாணம் செய்துகொண்டாரா?

இல்லை. துப்பறியும் நாவலாசிரியர் ராஸ் மெக்டொனால்டோடு ஆண்டுக்கணக்கில் எழுதிக்கொண்ட கடிதங்கள் 2015இல் நூலாக வந்திருக்கின்றன. வேண்டுபவர்கள் அதைப் படித்துக்கொள்ளலாம்.

எப்படி எழுதுவார்?

மாடியில், தெருவைப் பார்த்த ஜன்னலோரத் தட்டச்சு எந்திரத்தில். திருத்தும் முறைதான் வேடிக்கை. தட்டச்சு செய்த தாளைக் கத்தரியால் வெட்டி, துண்டுகளை வேண்டிய வரிசையில் வைத்துக் குண்டூசியால் குத்திவிடுவார். ஒரு பத்தி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கத்துக்குப் போகும், திரும்பி வரும். தையல்காரர் துணி வெட்டுகிற மாதிரிதான்.

புகைப்படங்கள்?

பெருமந்தக் காலத்து மிசிசிப்பியில் எடுத்தவை. பெரும்பாலும் கறுப்பின மக்கள். ஞாயிற்றுக்கிழமை உடையில், தலைச் சுமையோடு, திண்ணையில் சிரித்தபடி. "ஒரு காலம், ஓர் இடம்" என்ற தலைப்பில் 1971இல் புத்தகமாயின. 1950இல் பாரிஸ் மெட்ரோ நிலையத்து பெஞ்சில் காமெராவை மறந்து வைத்துவிட்டு வந்தார். தன் மீதே கோபம் வந்து, அதன்பின் வேறு காமெரா வாங்கவே இல்லை. தண்டனையை அவரே விதித்து அவரே அனுபவித்தார்.

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

தபாலாபீஸ் கதை. வாய்விட்டுப் படியுங்கள், கண்ணால் மட்டும் படித்தால் பாதிதான் கிடைக்கும். அடுத்து "கல்லாகிப் போன மனிதன்". பிறகு "ஓர் எழுத்தாளரின் தொடக்கங்கள்". 1983இல் ஹார்வர்டில் ஆற்றிய மூன்று உரைகள், மறு ஆண்டில் நூலாகி, பல்கலைக்கழகப் பதிப்பகமே எதிர்பார்க்காத அளவுக்கு விற்றுத் தீர்ந்தது. மூன்று உரைகளில் முதலாவதின் தலைப்பு "கேட்டல்". நூலகர் கதையும் அம்மாவின் டிக்கன்ஸ் கதையும் இந்த நூலில்தான் இருக்கின்றன.

வீடு இப்போதும் இருக்கிறதா?

இருக்கிறது. அவரே மாநிலத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். 2006 முதல் அருங்காட்சியகம். அம்மா போட்ட தோட்டத்தில் கமேலியாச் செடிகளை மீட்டு வளர்த்திருக்கிறார்கள். உள்ளே சோபா, மேசை, நாற்காலி என்று எங்கும் புத்தகங்கள். அவர் இருந்தபோது உட்கார வருபவர் முதலில் புத்தகங்களை எடுத்துவைக்க வேண்டும். எதிர்ச்சாரியில் அன்றைய பெல்ஹேவன் கல்லூரி, இப்போது பல்கலைக்கழகம். அங்கே பியானோ பழகும் மாணவர்கள் ஒரே மெட்டைத் தப்பும் தவறுமாகத் திரும்பத் திரும்ப வாசிப்பது, திறந்த ஜன்னல் வழியாக அவர் தட்டச்சு மேசைக்கு வந்துகொண்டிருக்கும். "பொன் ஆப்பிள்கள்" தொகுப்பில் பியானோ டீச்சர் ஒருத்தியின் கதை உண்டு. அந்த மெட்டு அதற்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது.